36 சதவீதமா, 1 சதவீதமா?

கேள்வி: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை மாரடைப்பு அபாயத்தை 36 சதவீதம் குறைக்கும் என்று படித்தேன். எங்கள் டாக்டரோ, "நூறு பேர் சாப்பிட்டால் ஒருவருக்குத்தான் பலன்" என்கிறார். எது சரி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் சரி. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'ஆஸ்காட்' ஆய்வில் இரண்டு எண்ணுமே இருக்கின்றன. ரத்தக்கொதிப்போடு வேறு மூன்று அபாயக் காரணிகளாவது உள்ளவர்களுக்கு அட்டர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினை 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 3.3 ஆண்டுகளில் மருந்து சாப்பிட்ட 5,168 பேரில் 100 பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்ட 5,137 பேரில் 154 பேருக்கும் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது.

அதாவது 1.94 சதவீதம், 3.00 சதவீதம். கழித்தால் 1.06, இது நேரடிக் குறைவு. அதை 3.00-ஆல் வகுத்தால் 35 சதவீதம். இது ஒப்பீட்டுக் குறைவு. (பாதிப்பு எப்போது வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டதால் அறிக்கையில் 36.) 100-ஐ 1.06-ஆல் வகுத்தால் 94. ஒருவரைக் காப்பாற்ற 94 பேர் 3.3 ஆண்டுகள் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆண்டுக் கணக்கைச் சொல்லாமல் வெறும் 94 என்றால் அதற்குப் பொருளே இல்லை. விளம்பரங்கள் பலனை ஒப்பீட்டிலும் பக்கவிளைவை நேரடியிலும் சொல்லும், கவனியுங்கள்.

கேள்வி: அப்படியானால் நேரடிக் குறைவை மட்டும் பார்த்தால் போதுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: போதாது. அது யாரிடம் அளந்தோம் என்பதைப் பொறுத்து மாறும். ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம் சிம்வாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டேட்டினைச் சோதித்த 1994-ஆம் ஆண்டு ஸ்காண்டிநேவிய ஆய்வில், 5.4 ஆண்டுகளில் இறப்பு 11.5 சதவீதத்திலிருந்து 8.2 ஆனது. ஒருவரைக் காப்பாற்ற 30 பேர் சாப்பிட்டால் போதும். ஆனால் 94-ஐயும் 30-ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். காலமும் வேறு, எண்ணியதும் வேறு.

ஒப்பீட்டுக் குறைவு ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் அடுத்த பத்தாண்டில் உங்களுக்கு மாரடைப்பு வரும் அபாயம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, அதை 0.36-ஆல் பெருக்குங்கள். 20 சதவீதம் என்றால் 7.2 குறையும், 14 பேருக்கு ஒருவர். 1 சதவீதம் என்றால் 0.36; சுமார் 278 பேருக்கு ஒருவர். முதலாமவருக்கு மாத்திரை தேவை என்பேன், இரண்டாமவர் யோசிக்கலாம்.

கேள்வி: 'ஆட்ஸ் விகிதம்' 0.375 என்றால் அபாயம் 62.5 சதவீதம் குறைந்ததா?
– மருத்துவ மாணவர், சேலம்

பதில்: நோய் அரிதாக இருந்தால் மட்டுமே அப்படிச் சொல்லலாம். நூற்றுக்கு 40 பேருக்கு வந்தது 20 ஆனால் அபாயம் பாதிதான் குறைந்தது. ஆட்ஸ் என்பதோ நோய் வந்தவர்களை வராதவர்களால் வகுப்பது. அந்தக் கணக்கில் 20/80-ஐ 40/60-ஆல் வகுக்கிறோம். அதுதான் உங்கள் 0.375.