வேலை நேர மெசேஜ்: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஓசூர் சிப்காட்டில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன், வாட்ஸ்அப் குரூப்பில் வருவதைப் படித்து அடுத்து எந்த உற்பத்தி லைனை ஓட்டுவது என்று சொல்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. வேலை சம்பந்தமான மெசேஜ் எழுதுவதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் ஆலை, கணக்குப் பிரிவு: "சார் வணக்கம்" என்று போட்டு, அவர் பதில் போட்ட பிறகு விஷயத்தைச் சொல்வதுதானே மரியாதை? எடுத்ததும் கேட்டால் திமிர் என்று நினைக்க மாட்டாரா?

வணக்கம் சொல்லுங்க, அதே மெசேஜில் விஷயத்தையும் சொல்லிடுங்க. வெறும் வணக்கம் போட்டால் அவர் வேலையை விட்டுவிட்டுப் போனை எடுக்கிறார், அதில் ஒன்றும் இல்லை, "சொல்லுங்க" என்று போடுகிறார், அதற்குள் நீங்கள் வேறு பில்லில் உட்கார்ந்திருப்பீர்கள், ஒரு மணி நேரம் போயே போச்சு. சீசனில் கேட்டுக்கு வெளியே லாரி வரிசை கட்டி நிற்கும்போது இது கட்டுப்படியாகுமா? இப்படிப் போடுங்க: "சார் வணக்கம். நேற்று வந்த பெங்களூரா மாம்பழ லோடு, எடைச் சீட்டில் 9.2 டன், பில்லில் 9.6 டன். எதை வைத்துப் பணம் போடட்டும்ங்க? 4 மணிக்குள் சொன்னால் இன்றைக்கே அனுப்பிடுவேன்." இதைப் படித்துவிட்டு யாரும் திமிர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஓசூர், ஷிஃப்ட் சூப்பர்வைசர்: மெஷின் நின்றதும் குரூப்பில் போட்டுவிடுகிறேன். ஆனாலும் மெயின்டனன்ஸில் இருந்து போன் பண்ணி எல்லாத்தையும் முதலில் இருந்து கேட்கிறார்கள்.

"மெஷின் நின்னுடுச்சு, சீக்கிரம் வாங்க" என்று போட்டால் கேட்கத்தானே செய்வார்கள்? யார் வரணும், ஃபிட்டரா எலக்ட்ரீஷியனா, என்ன சாமான் எடுத்து வரணும் என்று அதில் எதுவும் இல்லையே. எழுதும்போது எதிர்முனையில் இருப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று ஒரு நிமிடம் யோசித்து, அதற்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடணும், நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். உதாரணம்: "சிஎன்சி 4, மதியம் 2.10க்கு நின்றது. ஸ்பிண்டில் ஓவர்லோட் அலாரம். டூல் மாற்றி ரீசெட் பண்ணினேன், அஞ்சாவது பீஸில் திரும்ப நின்றது. எலக்ட்ரிக்கல் ஆள் வேணும். 5 மணி டெஸ்பாட்சுக்கு இன்னும் 60 பீஸ் பாக்கி." கடைசி வரி ரொம்ப முக்கியம், எவ்வளவு அவசரம் என்று அதுதான் காட்டும், "அர்ஜென்ட்" என்று மூன்று தடவை போட்டாலும் அது தெரியாது.

நைட் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ராத்திரி 12.30க்கு "நாளைக்குக் காலையில் மெஷினில் டை (அச்சு) மாற்றணும்" என்று போட்டால் அது எந்தக் காலை? போட்டவர் இன்னும் ஆறு மணி நேரத்தில் வரும் காலையைச் சொல்வார், விடிந்தபின் எழுந்து படிப்பவர் அதற்கு மறுநாள் என்று எடுத்துக்கொள்வார். கிழமையும் தேதியும் போடுங்க, "வியாழன் 14, காலை 6 மணி ஷிஃப்ட்" என்று. அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பின மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்தான், ஆனால் ஏற்கெனவே படித்தவருக்குப் புதிதாக மணி அடிக்காது. எண்ணோ நேரமோ தப்பாகிவிட்டால் திருத்தினதோடு விடாமல், "60 இல்லை, 80 பீஸ்" என்று புதிதாக ஒன்று போட்டுவிடுங்க.

ராயக்கோட்டை, தக்காளி மண்டி: முதலாளி எல்லாத்தையும் நீளநீளமான வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்புவார். எழுதி அனுப்புங்க என்று அவரிடம் சொல்ல முடியாது.

சொல்லவும் வேண்டாம், வண்டி ஏற்றுகிற நேரத்தில் அவருக்குப் பேசுவதுதான் வசதி. கேட்டு முடித்ததும் நீங்கள் எழுதிப் போடுங்க: "அண்ணே, சென்னைக்கு 120 பெட்டி, இன்னிக்கு ராத்திரி 8 மணி வண்டி, கெட்டிக் காய் மட்டும். சரிதானே?" தப்பாகப் புரிந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், நாளைக்கு யாராவது கேட்டாலும் எழுத்தில் இருக்கும்.

தர்மபுரி, மருந்து மொத்த வியாபாரம்: கடைப் பையன் தப்பான சரக்கை அனுப்பிவிட்டால் குரூப்பில் கேட்கலாமா?

தனியாகக் கேளுங்க. குரூப்பில் எந்தச் சரக்கு மாறிப் போச்சு, எப்போது திரும்ப வரும், அது மட்டும் போதும். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினவர் அடுத்த தடவை தப்பு நடந்தால் மறைக்கத்தான் பார்ப்பார், மருந்து விஷயத்தில் அது ஆபத்து.

ஓசூர், மென்பொருள் வேலை: எங்கள் டீமில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறோம். எதில் எழுதுவது?

நம் ஊர் டீக்கடையில் மூன்றும் கலந்து ஓடும், பேச்சுக்கு அது அழகு. ஆனால் குரூப்பில் ஒருவருக்குத் தமிழ் படிக்க வராது என்றால் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், அவரைப் பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்க வைக்காதீர்கள். எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்றால் தாராளமாகத் தமிழில் எழுதுங்க.

பாலக்கோடு: நீல டிக் விழுந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு, பதில் இல்லை.

அவசரம் என்றால் போன் பண்ணிடுங்க.

பர்கூர், ஜவுளிக்கடை: நான் விவரமாகக் கேட்டாலும் "ஓகே" என்று மட்டும் பதில் வருகிறது. எதற்கு ஓகே என்றே தெரிவதில்லை.

ஒரே மெசேஜில் "சிவப்பு எடுக்கலாமா, நீலம் எடுக்கலாமா, எவ்வளவு போடலாம், விலை பேசட்டுமா" என்று கேட்டிருப்பீர்கள். நீங்களே ஒரு முடிவை எழுதிக் கேளுங்க: "சிவப்பு 40, நீலம் 60, பழைய விலைக்கே ஆர்டர் போடறேன். மாற்றணும்னா 12 மணிக்குள் சொல்லுங்கண்ணா." இதற்கு "ஓகே" என்று வந்தால் ஆர்டரைப் போட்டுவிடலாம்.