தென்பாண்டிச் சுற்று: சாப்பாட்டுக் கேள்விகளும் அண்ணாச்சியின் பதில்களும்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. "குடும்பத்தோடு வருகிறோம், எங்கே என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டு ஆள் மாற்றி ஆள் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் இங்கேயே கேளுங்கள். நான் கோவில்பட்டியில் நிலக்கடலை வியாபாரம் பார்ப்பவன். சரக்குக்காகவும், வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டும் இந்தச் சாலைகளில் அலைந்து பழக்கம். நான் சொல்லும் சுற்று இது: மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, குற்றாலம், திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், மறுபடி மதுரை. இதற்கு வெளியே கேட்டால் எனக்குத் தெரியாது.

கோவையிலிருந்து ஒரு அம்மா: அண்ணாச்சி, இரண்டு சின்னப் பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லாரும் வருகிறோம். மூன்று நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஊரை வைத்துத் திட்டம் போடாதீர்கள் அம்மா, வேளையை வைத்துப் போடுங்கள். இந்தப் பக்கத்துச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் குறிப்பிட்ட நேரத்தில்தான் நன்றாக இருக்கும். மதியம் 12 மணிக்கு விருதுநகரில் போய் எண்ணெய் பரோட்டா தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தக் கல் முழு சூட்டில் இருக்கும்.

முதல் நாள் காலையில் மதுரையில் இட்லியை முடித்துக்கொண்டு கிளம்பினால், ஏறக்குறைய 75 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பால்கோவா. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறு எதுவும் கிடையாது. அகலமான இரும்புச் சட்டியில், விறகடுப்பில், கை ஓயாமல் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைக்கிறார்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். ஒரு கடையில் வாங்குமுன் கொஞ்சம் கேட்டு வாயில் போட்டுப் பாருங்கள். நாக்கில் மணல்மணலாக உதிர்ந்தால் நல்ல சரக்கு. மாவு மாதிரி ஒட்டினால் அடுத்த கடைக்குப் போங்கள். அங்கிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசி. சாயங்காலம் குளியல், இரவு பார்டர் பரோட்டா.

இரண்டாம் நாள் காலையில் இன்னொரு குளியல் போட்டுவிட்டு மதியம் திருநெல்வேலி வந்துவிடுங்கள். சாயங்காலம் டவுனில் அல்வா. மூன்றாம் நாள் தூத்துக்குடி, மதியத்துக்கு மேல் கோவில்பட்டி, சாத்தூர். விருதுநகருக்கு இரவு 7 மணி வாக்கில் வருவது போலப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமனாருக்கு மூன்று இரவும் பரோட்டா வேண்டாம். ஒரு நாளாவது இடியாப்பம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

சேலத்திலிருந்து: பார்டர் பரோட்டா என்கிறார்களே, எந்த பார்டர்? கேரளா எல்லை இன்னும் தள்ளித்தானே இருக்கிறது?

நல்ல கேள்வி. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் சீமை. 1956 நவம்பர் 1ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோதுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் அதுவரை எல்லை, இந்தப் பரோட்டாக் கடைகள் இருக்கிற பிரானூர்ப் பக்கம் இருந்தது. எல்லை மலைக்கு நகர்ந்துவிட்டது, கடைக்காரர்கள் பெயரை நகர்த்தவில்லை. சின்னதாக, மெத்தென்று இருக்கும் பரோட்டா. கூட நாட்டுக்கோழி மிளகு வறுவலும் காடையும். சாரல் நேரத்துச் சனி, ஞாயிறு இரவுகளில் அங்கே இலைக்குக் காத்திருக்கிற கூட்டம் அருவிக் கூட்டத்துக்குக் குறையாது. செவ்வாய், புதனில் போங்கள்.

சென்னையிலிருந்து: இருட்டுக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?

திருநெல்வேலி டவுனில், அல்வாவுக்குப் பேர்போன அந்தக் கடை நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கிறது. சாயங்காலம் 5 மணி வாக்கில் திறப்பார்கள், சரக்கு தீர்ந்தால் மூடிவிடுவார்கள். அதே பெயரை அங்கே இங்கே மாற்றி எழுதிய பலகைகள் ஜங்ஷனிலும் பைபாஸ் ஓரத்திலும் நிறைய உண்டு. பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: எங்கள் வீட்டில் முழுச் சைவம். இந்தச் சுற்றில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

சொதி இருக்கிறது! இதைச் சாப்பிடாமல் திருநெல்வேலியை விட்டுப் போகிற சைவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு இது. அதனால்தான் மாப்பிள்ளைச் சொதி என்ற பெயரும் உண்டு. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுப்பார்கள். கடைசிப் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் வேகும். வெந்த பாசிப்பருப்பு சேரும். காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும்தான், வற்றல் மிளகாய் கிட்டேயே வராது. முதல் பாலை ஊற்றியதும் விளிம்பில் நுரை கட்டும். அந்த நொடியில் இறக்க வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்துபோகும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவார்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்காரும் என்பதால்தான் பக்கத்தில் இஞ்சித் துவையல். உருளைக்கிழங்கு வறுவலோ சிப்ஸோ கட்டாயம். டவுனிலும் ஜங்ஷனிலும் சில சைவ ஹோட்டல்களில் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் போடுகிறார்கள். காலையிலேயே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. தெரியாமல் வாங்கிப் போய்ச் சாமிக்குப் படைத்தவர்கள் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை: அண்ணா, எங்கட சொதியும் உங்கட சொதியும் ஒன்றா?

ஒரு வம்சம்தான் தங்கச்சி, ஆனால் வேலை வேறு. உங்கள் சொதி தண்ணியாக, மஞ்சள் போட்டு, இடியப்பத்துக்கும் புட்டுக்கும் துணையாக வருவது. இங்கே பருப்பும் காய்கறியும் சேர்ந்து கெட்டியாகி, சோற்றுக்கு அதுவே பிரதானக் குழம்பாகிவிட்டது. இங்கே வந்தால் இரண்டாவது கரண்டி வாங்குமுன் யோசியுங்கள். உங்கள் ஊர் நினைப்பில் அள்ளி ஊற்றினால் எழுந்திருக்க முடியாது.

திருச்சியிலிருந்து: திருநெல்வேலி அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணீரால்தான் என்கிறார்களே, உண்மையா?

கைப்பக்குவம் என்பது என் கட்சி. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து ஓர் இரவு அசையாமல் வைக்கிறார்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். அடியில் தங்கும் கோதுமைப் பாலைத்தான் சர்க்கரையோடும் நெய்யோடும் சேர்த்து, நிறம் ஏறுகிற வரைக்கும் கிண்டுகிறார்கள். வடித்துக் கொட்டுகிற தண்ணீருக்கு இவ்வளவு புகழா?

பாளையங்கோட்டைக்காரர் ஒருவர்: அண்ணாச்சி, கோவில்பட்டிக்காரருக்கு எங்கள் ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? சென்னையில் இதே மாஸ்டரை வைத்துச் செய்து பார்த்தார்களே, வந்ததா?

வந்துவிட்டார் நம் ஆள். சென்னையில் வராததற்குத் தண்ணீர் ஒன்றுதானா காரணம்? இங்கே கடாயிலிருந்து இறக்கிய சூடு ஆறுமுன் இலையில் விழுகிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறது. சூடான அல்வாவையும் ஆறிய அல்வாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கடையின் சரக்கே இரண்டு பண்டம் போல இருக்கும்.

மறுபடியும் பாளையங்கோட்டைக்காரர்: தண்ணீரை வடித்தால் முழுவதும் போய்விடுமா? ஊறும்போதே கோதுமை குடித்துவிடுகிறது. கிண்டும்போது தண்ணீர் ஆவியாகும், அதில் இருக்கிற உப்பும் சத்தும் ஆவியாகுமா?

இது கெட்டிக்கார வாதம், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரின் தாது மாவின் பிசுபிசுப்பை மாற்றும் என்பதும் உண்மைதான். ஆனால் அப்படிப் பார்த்தால் தென்காசியிலும் நல்ல அல்வா கிண்டுகிறார்களே, அது எந்தத் தண்ணீர்?

அவரே: தென்காசியில் ஓடுவது சிற்றாறு. சிற்றாறு சீவலப்பேரியில் எங்கே போய்ச் சேர்கிறது? தாமிரபரணியில்தானே!

அது கீழே போய்ச் சேர்கிறது ஐயா! தென்காசியைத் தாண்டிய பிறகு கலக்கிற ஆறு, தென்காசி அல்வாவுக்கு எப்படி மேலேறி வரும்?

மதுரையிலிருந்து ஒருவர், இடையில்: அப்படியானால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று உங்கள் ஊரில் சொல்கிறார்களே அண்ணாச்சி?

வீட்டுக்குள்ளேயே கை வைத்துவிட்டீர்கள். சொல்கிறார்கள்தான். எங்கள் ஊர்க் குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருவது. ஆனால் நான் கடலை விற்கிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2020ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்றால் முதல் பெருமை கரிசல் மண்ணில் விளைகிற கடலைக்கு. இரண்டாவது வெல்லப்பாகின் பதம். பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தரையில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் பல்லில் ஒட்டும், ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும். அதைத் தண்ணீரா பார்த்துக்கொள்கிறது? அடுப்படியில் நிற்கிறவர் காது பார்த்துக்கொள்கிறது.

பாளையங்கோட்டைக்காரர் இன்னும் நான்கு கேள்வி அனுப்பியிருக்கிறார். எல்லாம் தண்ணீர். வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள் ஐயா, நேரில் வாருங்கள், அல்வாவை வைத்துக்கொண்டே பேசுவோம். செலவு உங்களுடையது.

வேலூரிலிருந்து: இருட்டுக்கடை காலையில் திறந்திருக்குமா?

மேலே படியுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: மக்ரூன் எப்படி வாங்கிக் கொண்டுபோவது? போன தடவை வீட்டுக்கு வந்ததும் பிசுபிசுத்துவிட்டது.

சாரல் காலத்தில் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, கார் ஜன்னலைத் திறந்து வைத்தால் அப்படித்தான் ஆகும். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்துக் கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர வைக்கிற பண்டம். காற்றின் ஈரத்தை உடனே இழுக்கும். வீட்டிலிருந்தே காய்ந்த தகர டப்பா கொண்டுபோங்கள். குற்றாலம் முடிந்த பிறகுதான் தூத்துக்குடி என்று நான் வழி போட்டதற்குக் காரணமும் இதுதான். எதிர்த் திசையில் சுற்றுகிறவர்கள் மக்ரூனை ஈரத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். போர்த்துக்கீசியர் வழியாக வந்ததாகச் சொல்வார்கள். அங்கே பாதாம், நம் கரையில் முந்திரி.

நாகர்கோவிலிலிருந்து: காயல்பட்டினம் களறிச் சாப்பாடு எந்த ஹோட்டலில் கிடைக்கும்?

களறி ஹோட்டலில் தேடுகிற பண்டம் இல்லை, கல்யாண விருந்துச் சாப்பாடு. பெரிய தாலத்தில், அவர்கள் சஹன் என்பார்கள், நெய்ச்சோற்றைக் கொட்டி நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. களறிக் கறி, கத்தரிக்காய் மாங்காய், புளியாணம் எல்லாம் கூட வரும். அந்த ஊர்க் கல்யாணத்துக்கு யாராவது கூப்பிட்டால் தட்டாதீர்கள். கடையில் வாங்கி வருவதென்றால் தம்மடை என்கிற அந்த ஊர் இனிப்பைக் கேளுங்கள்.

ஓசூரிலிருந்து: பிள்ளைகள் காரமே சாப்பிட மாட்டார்கள். விருதுநகரில் என்ன செய்வது?

நடுவில் குழிந்த கல்லில் எண்ணெயில் பொரித்து எடுப்பதால் அந்தப் பரோட்டா ஓரமெல்லாம் மொறுமொறுவென்று இருக்கும். பெரியவர்கள் நொறுக்கிப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊற விடுங்கள். பிள்ளைகளுக்கு அதே நொறுக்கலில் சர்க்கரை தூவிச் சூடான பால் ஊற்றிக் கொடுங்கள், தட்டு காலியாகும்.

கரூரிலிருந்து: குற்றாலத்தில் விற்கிற மங்குஸ்தான் பாதி அழுகலாக இருக்கிறதே?

கட்டைவிரலால் லேசாக அமுக்குங்கள். கொஞ்சம் அமுங்கினால் நல்லது, கல்லாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடக் கூடச் சுளை சின்னது, கொட்டையும் குறைவு. பிள்ளைகளை எண்ண விடுங்கள். வெள்ளைச் சட்டையோடு உரிக்க விடாதீர்கள், தோலின் சாறு பட்ட கறை போகாது.

புதுச்சேரியிலிருந்து: அருவியில் குளிக்கத் தடை என்றால் எப்படித் தெரியும்? ரூம் எங்கே போடலாம்?

அருவிக்கு முன்னாலேயே போலீஸ் நிற்கும். அவர்கள் விசில் அடித்தால் வாதாடாமல் வெளியே வாருங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பையன் உயிர் போனது. ரூம் கேள்வி எனக்கு இல்லை.

நாமக்கல்லிலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை. அல்வா எவ்வளவு கொடுக்கலாம்?

டாக்டரைக் கேளுங்கள்.

மும்பையிலிருந்து: இருட்டுக்கடைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

ஐந்து. சாயங்காலம்.

தஞ்சாவூரிலிருந்து: பதநீர் கிடைக்குமா? கருப்பட்டி வாங்கினால் கலப்படம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பங்குனி, சித்திரை, வைகாசிதான் பதநீருக்கு நல்ல பருவம். சாரல் காலத்தில் வந்தால் வழியோரம் விற்பதை நம்பிக் குடிக்காதீர்கள். கருப்பட்டி தாராளமாக வாங்கலாம். உடன்குடிக் கருப்பட்டி 2023ல் குறியீடு பெற்றது. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகம் மங்கலாக, லேசான புகை வாசனையோடு இருந்தால் எடுங்கள். வெயிலில் காட்டும்போது பொடிப்பொடியாக மின்னினால் அது சீனி. "உடைக்க மாட்டேன்" என்று கடைக்காரர் சொன்னால் உடன்குடிக்கே போய் வாங்குங்கள், திருச்செந்தூரிலிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது.