பழைய ரோல்-பிளேயிங் கேம்களின் நகல் தடுப்பை அவற்றை உருவாக்கியவர்களே நீக்குவது ஏன்?

உங்கள் கேள்வி இது: பழைய ரோல்-பிளேயிங் கேம்களை, அதாவது நாமே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் ஆடும் கணினி விளையாட்டுகளை, தயாரித்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு) வெளியிட்டு, தாங்கள் போட்ட நகல் தடுப்பைத் தாங்களே எடுத்துவிடுகிறார்களே, அது திருட்டு நகல் எடுப்பவர்களுக்குத் துணைபோவது ஆகாதா? ஆகாது என்று உறுதியாகச் சொல்வேன். திருட்டு நகல் வைத்திருப்பவரைப் பொறுத்தவரை, கேம் வெளியான கொஞ்ச நாட்களிலேயே யாரோ ஒருவர் அந்தத் தடுப்பை உடைத்துக் கொடுத்துவிட்டார். அது இன்னும் யாரை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது என்று பார்த்தால், கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கியவரைத்தான்.

அப்படி வாங்கியவர்களில் நானும் ஒருவன். 2008, 2009 வாக்கில் நாங்கள் பெங்களூர் அல்சூரில் குடியிருந்தோம். மெஜஸ்டிக் பக்கம் போனால் எந்தக் கேமாக இருந்தாலும் நூறு ரூபாய்க்குத் திருட்டு டிஸ்க் கிடைத்த காலம் அது. என் முதல் சம்பளத்தில் 999 ரூபாய் கொடுத்து ஒரு ரோல்-பிளேயிங் கேமின் அசல் பெட்டியை நான் வாங்கிய அதே வாரத்தில், சித்தப்பா மகன் அதே கேமை நூறு ரூபாய்க்கு வாங்கி வந்தான். இணையம் வழியாக மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்ய முடியும் என்று என் பெட்டிக்குள் இருந்த தாளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதலில் நிறுவியது ஒன்று, மதர்போர்டு போய் மாற்றியதில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்ததில் ஒன்று என ஒன்றரை ஆண்டுக்குள் மூன்றும் தீர்ந்தன. ரசீதையும் பெட்டியையும் படம் எடுத்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பி, மூன்று வாரம் காத்திருந்து, நான்காவது முறைக்கு அனுமதி பெற்றேன். அதற்கடுத்த கணினியை வாங்கியபோது ஆக்டிவேஷன் சர்வரையே மூடியிருந்தார்கள். நான் எழுதிய மின்னஞ்சலும் அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. எழுபது மணி நேரம் ஆடியதைச் சேமித்து வைத்த சேவ் ஃபைல் என்னிடம் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்க வேண்டிய கேம் திறக்கவில்லை. “அண்ணா, என்கிட்ட இருக்கிறதை எடுத்துப் போட்டுக்கோ, எப்பப் போட்டாலும் ஓடுது” என்றான் தம்பி. அவன் அக்கறையோடுதான் சொன்னான், அதனாலேயே அது இன்றுவரை உறுத்துகிறது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த ஆண்டுகளில் இப்படி நடந்துகொண்டது அவர்கள் மட்டும் இல்லை.

மற்ற வகைக் கேம்களைவிட இவ்வகைக்கு இது அதிகம் வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கிச் சுடும் கேம் ஒன்றின் கதை பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ரோல்-பிளேயிங் கேம் அறுபது, எண்பது, நூறு மணி நேரம் கேட்கும். வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு அது பல மாதக் கணக்கு. பாதியில் விட்டுவிட்டு இரண்டு ஆண்டு கழித்துத் திரும்புவோம், முதல் முறை வாள்வீரனாக ஆடியதை அடுத்த முறை மந்திரவாதியாக ஆடிப் பார்ப்போம், ரசிகர்கள் எழுதிய மாட்கள் எனும் மாற்றங்களைச் சேர்த்து மூன்றாம் முறையும் ஆடுவோம். நகல் தடுப்புக்கு வேலை இருப்பதோ கேம் வெளியான தொடக்க வாரங்களில்தான், ஏனெனில் முழு விலைக்கு விற்பனை சூடாக நடப்பது அப்போதுதான். அந்தச் சில வாரங்களுக்குத் தடுப்பு போடுவதை நான் குறை சொல்லவே மாட்டேன், உழைத்தவருக்குக் கூலி வர வேண்டும். சில வாரங்களுக்காகச் செய்த பூட்டு, பதினைந்து ஆண்டுகள் ஆடப்படும் ஒரு பொருளின் மேல் சாவி இல்லாமல் தொங்கிக்கொண்டிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தொடக்ககாலப் பூட்டுகள் பல காகிதத்தில் இருந்தன. 1988-இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ கேமுடன் ஓர் அட்டைச் சக்கரம் வந்தது. திரையில் தோன்றும் குறியெழுத்துகளைச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்து, கிடைக்கும் சொல்லைத் தட்டினால்தான் உள்ளே போக முடியும். 1992-இல் வந்த ‘அல்டிமா 7’, பெட்டியில் உள்ள துணி வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய அட்சரேகை, தீர்க்கரேகைக் கேள்விகளை ஊர்த்தலைவர் ஒருவர் வாயிலாகவே கேட்டது. கதையோடு ஒட்டி வந்தவை என்பதால் இவற்றின்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, ஆனாலும் வீடு மாறும்போது அந்த வரைபடம் தொலைந்தால் கேமும் தொலைந்த மாதிரிதான்.

டிஸ்க் காலத்தில் பூட்டு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க், சோனி டிஏடிசி நிறுவனத்தின் செக்யூரோம் என்ற தடுப்பு மென்பொருள்கள் பரவலாக இருந்தவை. கேமைத் தொடங்கும் இயங்கு கோப்பை மறையாக்கம் செய்து ஓர் உறைக்குள் வைத்துவிடுவார்கள். வேண்டுமென்றே பழுதாக்கிய செக்டர்கள் (தரவு பதியும் சிறு பகுதிகள்), தட்டில் தரவு அமைந்திருக்கும் இடத்தின் நுண்ணிய அளவு என்று, வீட்டு டிவிடி ரைட்டரால் அப்படியே எழுத முடியாத அடையாளங்களை அசல் டிஸ்க்கில் பதித்திருப்பார்கள். அவை இருப்பதைச் சரிபார்த்த பிறகே உறை பிரிந்து கேம் தொடங்கும். டிஸ்க்கில் கீறல் விழுந்தாலோ டிரைவ் தேய்ந்துபோனாலோ அசல்கூடப் போலியாகத் தெரியும். சேஃப்டிஸ்க், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடும் டிரைவர் எனும் துணை நிரல் ஒன்றை நம்பியிருந்தது. அதில் 2007-இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டு, அவசரமாக அடைக்க வேண்டி வந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவருக்கு இடமே கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் ஒன்று, விண்டோஸின் முந்தைய பதிப்புகளான விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதைச் செயலிழக்கச் செய்தது. பாதுகாப்பை நினைத்தால் மைக்ரோசாஃப்ட் எடுத்த முடிவு சரிதான். ஆனால் அதன் விளைவாக, உரிமையோடு வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்திருந்த டிஸ்குகள் பல ஓடாமல் நின்றன. கேமைத் தயாரித்தவரே உறை இல்லாத இயங்கு கோப்பைப் பேட்சாக வெளியிட்டால் ஒழிய, வாங்கியவருக்கு இதிலிருந்து மீள நேரான வழி கிடையாது.

அதை முறையாகச் செய்தவர்களில் போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தை முதலில் வைப்பேன். 2007-இல் வெளியான அவர்களுடைய ‘தி விட்சர்’ டிரைவில் டிவிடி இருந்தால்தான் ஓடும். மறு ஆண்டு அதை நிறையத் திருத்தி மேம்பட்ட பதிப்பாக்கி, முன்பே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2009-இல் வந்த 1.5 பேட்ச், டிவிடி சரிபார்ப்பையே எடுத்துவிட்டது. என்னிடம் இருக்கும் டிவிடி இன்று கீறல் விழுந்து கிடக்கிறது. அது நன்றாக இருந்த காலத்திலேயே நிறுவும் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்திருந்ததால், அந்தப் பேட்சைச் சேர்த்து இதுவரை மூன்று கணினிகளில் நிறுவி ஆடியிருக்கிறேன். எங்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டி இருந்ததில்லை.

2011 மே மாதம் ‘தி விட்சர் 2’ வந்தபோது கடைப் பெட்டியில் செக்யூரோம் இருந்தது, அவர்களுடைய சொந்த இணையக் கடையான ஜிஓஜியில் விற்ற பதிப்பில் எந்தத் தடுப்பும் இல்லை. பூட்டு இல்லாத பதிப்புதான் முதலில் திருட்டு நகலாகப் பரவும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, முதலில் பரவியது பூட்டு உடைக்கப்பட்ட கடைப் பதிப்பே என்று பின்னர் அந்நிறுவனத்தார் சொன்னார்கள். கேம் வெளியான அதே மாதத்தில் 1.1 பேட்ச் கடைப் பதிப்பின் செக்யூரோமையும் நீக்கியது. இதற்காக வெளியீட்டாளரான நாம்கோ பண்டாய், பிரான்சில் அவர்கள்மேல் வழக்குத் தொடுத்தது. எழுதியவர்களே தங்கள் கேமின் பூட்டைக் கழற்றியதற்கு நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது என்றால், இந்த முடிவு எவ்வளவு தூரம் அவர்கள் கையில் இல்லாதது என்று புரிந்துகொள்ளலாம். அதே சிடி ப்ராஜெக்ட் ரெட் அவ்வாண்டு இறுதியில், திருட்டு நகல் இறக்கியதாகச் சந்தேகித்த ஜெர்மானியர்களுக்குப் பணம் கேட்டு வக்கீல் கடிதங்கள் அனுப்பியதையும், எதிர்ப்பு வலுத்ததும் 2012 ஜனவரியில் நிறுத்திக்கொண்டதையும் மறைக்கக் கூடாது. அந்தக் கடிதங்களைத் தவறு என்றே நினைக்கிறேன், பேட்சைச் சரி என்றும் நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லாரும் ஏன் இதைச் செய்வதில்லை என்று கேட்பீர்கள். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், எழுதிய நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் பில்டு வேலை பார்ப்பவன். பத்து ஆண்டு பழைய நிரலை மறுபடி கம்பைல் செய்து அதே மாதிரி ஓட வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று தெரியும். உறையை நீக்க வேண்டுமானால் உறை போடுவதற்கு முந்தைய இயங்கு கோப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் மூல நிரலும், அக்காலக் கம்பைலரும், உரிமம் வாங்கிச் சேர்த்த மற்றவர்களின் நிரல் நூலகங்களும் வேண்டும். எழுதிய குழு கலைந்திருக்கும், உரிமை இரண்டு மூன்று கை மாறியிருக்கும், ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் கோப்பு தனித்தனியாக இருக்கும். 2008-இல் யூபிசாஃப்ட் தனது ‘ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ கேமுக்குக் கொடுத்த அதிகாரபூர்வக் கோப்பு ஒன்று, திருட்டுக் குழு தடுப்பை உடைத்து வெளியிட்ட கிராக்தான் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அது ரோல்-பிளேயிங் கேம் இல்லை என்றாலும், பூட்டுப் போடும்போதே சாவியை எடுத்து வைக்காவிட்டால் பெரிய நிறுவனமும் எங்கே போய் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காலம் தாழ்ந்தாலும் செய்தவர்களும் உண்டு. 2008-இல் வந்த ‘ஃபால்அவுட் 3’, மைக்ரோசாஃப்ட்டின் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ என்ற இணையச் சேவையைச் சார்ந்திருந்தது. அச்சேவை கவனிப்பாரற்றுப் போன பிறகு, புதிய விண்டோஸில் கேமைத் தொடங்குவதற்கே மக்கள் குறுக்கு வழி தேட வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் அதன் நிறுவனமான பெதெஸ்டா, ஸ்டீம் இணையக் கடையில் விற்ற பதிப்புக்கு ஓர் அப்டேட் கொடுத்து அந்தச் சார்பை நீக்கியது. இயங்கு கோப்பு மாறியதால், அதை நம்பியிருந்த சில மாட்கள் உடனே வேலை செய்யாமல் போயின என்பதும் உண்மை. ஆகவே, இப்படிப்பட்ட பேட்சைத் தருகிறவர்கள் பழைய கோப்பையும் கூடவே கிடைக்கும்படி வைப்பது நல்லது.

தயாரித்தவர் செய்யாவிட்டால் நாமே கிராக் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பத் தடுப்பை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம் என்ற சொல் அதில் முக்கியமானது. 52-ஆம் பிரிவோ, சட்டப்படி தன்னிடம் உள்ள கணினி நிரலுக்கு, இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ள ஒருவர் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. வாங்கியவர் தன் டிஸ்க்கைத் தனக்காகத் திறப்பதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. ஆனால் ஊர் பேர் தெரியாத தளத்தில் இருந்து இறக்கும் இயங்கு கோப்புக்குள் வேறு என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி தர முடியாது. அந்த ஆபத்தை நேர்மையாக வாங்கியவர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. தயாரித்தவர் தரும் பேட்ச் இதனாலும் தேவைப்படுகிறது.

உங்களிடம் பழைய டிஸ்குகள் இருந்தால், அந்தக் கேமுக்கு வந்த கடைசி அதிகாரபூர்வப் பேட்ச் எது, அதன் குறிப்பில் டிஸ்க் சரிபார்ப்பை நீக்கியதாக ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்கு அப்படி ஒரு பேட்ச் வந்ததே தெரியாது. இருந்தால் உடனே இறக்கி, டிஸ்க்கின் நகலோடும் சீரியல் கீயோடும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், ஏனெனில் பேட்ச் இருக்கும் தளமும் ஒருநாள் மூடப்படும். அப்படி எதுவும் வராத கேம் என்றால், இப்போது உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடி, அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் 999 ரூபாய்க் கேமின் உரிமை இப்போது வேறொரு நிறுவனத்திடம் இருக்கிறது. ரசீதின் படத்தை இணைத்து அவர்களுக்கு இருமுறை எழுதியிருக்கிறேன், இந்த ஆண்டும் எழுதுவேன். சேவ் ஃபைலை இன்னும் அழிக்கவில்லை.