கேள்வி நேரமும் அமைச்சரின் பதிலும்: வாசகர் கேள்வி – பதில்

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினரின் கேள்விகளும் அவற்றுக்கு அமைச்சர்கள் அளிக்கும் பதில்களும் குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒன்று கேட்க, அமைச்சர் வேறொன்று சொல்லி அமர்ந்துவிடுகிறார். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

கேள்வியைக் கட்டுப்படுத்த விதிகள் ஏராளமாக உண்டு. பதிலைக் கட்டுப்படுத்தத்தான் அதிகம் இல்லை. மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி 150 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. அதில் வாதமோ, கிண்டலோ, யார் மீதும் பழிச்சொல்லோ இருக்கக்கூடாது. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக்கூடாது. ஆனால் இன்னவாறுதான் பதிலளிக்க வேண்டும் என்று அமைச்சரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சபாநாயகருக்கு இல்லை. பொதுநலன் கருதித் தகவலை வெளியிட இயலாது என்று அமைச்சர் மறுத்துவிடவும் முடியும்.

ஆனாலும் நழுவும் பதில்களில் பெரும்பாலானவை பொய் அல்ல. குறுகிய அளவில் உண்மையானவை. கோவிட் இரண்டாம் அலைக்குப் பின், 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் வைக்கப்பட்ட பதிலைப் பாருங்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஏராளமான நோயாளிகள் இறந்தார்களா என்று காங்கிரஸ் உறுப்பினர் கே.சி. வேணுகோபால் கேட்டிருந்தார். சுகாதாரத்துறை இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார் எழுத்து மூலம் அளித்த பதில் மூன்று படிகளில் இறங்கியது. சுகாதாரம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது முதல் படி. இறப்புகளைப் பதிவுசெய்வதற்கான வழிகாட்டுதல்களை மத்திய அரசு அனுப்பியுள்ளது, அதன்படியே மாநிலங்கள் விவரம் தருகின்றன என்பது இரண்டாவது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்பு என்று எந்த மாநிலமும் தனியாகக் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்பது மூன்றாவது. 'யாரும் இறக்கவில்லை' என்று அமைச்சர் சொல்லவில்லை. தெரிவிக்கப்படவில்லை என்றுதான் சொன்னார். மருத்துவமனை வாசலில் சிலிண்டருக்காகத் தவித்தவர்களின் காதில் அது எப்படி விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான் அந்த விவரத்தை அனுப்புமாறு மாநிலங்களை மத்திய அரசு கேட்டது.

என் பார்வையில், இத்தகைய பதிலை முறியடிக்கும் வழி கேள்வியின் வடிவத்திலேயே இருக்கிறது. எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு நிறுத்தாமல், இந்தக் காரணத்தைத் தனியே குறிப்பிடும்படி மாநிலங்களிடம் அரசு எப்போதாவது கேட்டதா, கேட்டிருந்தால் எந்தத் தேதியில், கேட்கவில்லையென்றால் ஏன் என்று உட்பிரிவுகளாகப் பிரித்துக் கேட்டால், நழுவுவதற்கான இடம் குறைகிறது. கேள்வித்தாள் தயாரித்துப் பழகிய ஆசிரியரான உங்களுக்கு இது எளிதில் புரியும்.

கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது யார்? ஆளுங்கட்சிக்குச் சாதகமானவற்றையே எடுத்துக்கொள்கிறார்களா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

தேர்வு குலுக்கல் முறையில் நடக்கிறது. அதில் கட்சி பார்ப்பதில்லை. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 நட்சத்திரக் குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். முதல் வகைக்கு அமைச்சர் அவையில் நேரில் பதிலளிக்க வேண்டும், அதன் மீது துணைக் கேள்விகள் கேட்கலாம். இரண்டாம் வகைக்கு எழுத்து மூலமான பதில் மட்டுமே.

ஆனால் கேள்வி நேரத்துக்கான ஒரு மணி நேரத்தில் 20 கேள்விகளையும் முடிப்பது அபூர்வம். நான்கைந்து தாண்டினாலே நல்ல நாள். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972க்குப் பிறகு இப்படி நடப்பது இதுவே முதல்முறை என்று செய்தியானது. பட்டியலில் பதினெட்டாவதாக இடம்பெறும் கேள்விக்கு என்ன நேரும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்: அதற்கும் எழுத்து மூலமான பதில் வந்துவிடும், ஆனால் அமைச்சரை எழுப்பி நிறுத்தித் துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு போய்விடும். அமளியில் அவை ஒத்திவைக்கப்படும் நாள்களிலும் இதே கதைதான். முழக்கமிடும் எதிர்க்கட்சியினரின் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். எனினும் அன்று காலை பதிலளிக்க வேண்டிய அமைச்சருக்கு அதைவிட நிம்மதியான செய்தி வேறு கிடையாது.

இத்தனை துறைப் புள்ளிவிவரங்களையும் அமைச்சர்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? (வாசகர், ஈரோடு)

வைத்துக்கொள்வதில்லை. பதிலைத் துறை அதிகாரிகள் எழுதி, செயலாளர் வரை கோப்பு சென்று, அமைச்சரின் ஒப்புதலைப் பெறுகிறது. அதனுடன், எந்தெந்தத் துணைக் கேள்விகள் வரக்கூடும், அவற்றுக்கு என்ன சொல்லலாம் என்ற குறிப்பும் இணைக்கப்படும். பதிலைவிட அந்தக் குறிப்பு பல மடங்கு நீளமாக இருக்கும். அவையில் அதிகாரிகளுக்கென ஒரு மாடம் உண்டு. எதிர்பாராத கேள்வி வந்தால் அங்கிருந்து ஒரு துண்டுச்சீட்டு அமைச்சரின் கைக்கு வந்து சேரும். சீட்டும் வராவிட்டால், 'விவரங்களை உறுப்பினருக்கு அனுப்பிவைக்கிறேன்' என்பார். துறையை உண்மையாகவே அறிந்த அமைச்சர் யார், சீட்டைப் பார்த்து வாசிப்பவர் யார் என்பது இரண்டாவது துணைக் கேள்வியில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

ஒரு கேள்வியால் எந்த அமைச்சராவது பதவியை இழந்ததுண்டா? (வழக்கறிஞர், மதுரை)

உண்டு, அதுவும் சென்னையைச் சேர்ந்த ஒரு நிதியமைச்சர். ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டு 1956இல் எல்ஐசி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவுடன் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை அது ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவர் நிதி நெருக்கடியில் இருந்தார் என்பது சந்தையில் தெரிந்த செய்தி. 1957 செப்டம்பரில் மக்களவையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. கிடைத்த பதில் உறுப்பினர்களுக்கு நிறைவளிக்காததால் குளிர்காலக் கூட்டத்தொடரில் விடாமல் தொடர்ந்தார்கள். டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி ஆவணங்களோடு அவையில் பேசினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டு, விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. ஆணையத்தின் பணி சில வாரங்களிலேயே முடிந்துவிட்டது என்பதை, பத்தாண்டு இழுக்கும் ஆணையங்களைப் பார்த்துப் பழகிய நாம் கவனிக்க வேண்டும். தம் துறைச் செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்று சாக்ளா கூறினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

உங்கள் தொழிலுக்கு ஏற்ற ஒரு கூடுதல் தகவல்: பெரோஸ் காந்தி எதிர்க்கட்சிக்காரர் அல்லர்; ஆளும் காங்கிரஸின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். சொந்தக் கட்சியின் அமைச்சரையே குறுக்கு விசாரணை செய்த அந்தப் பழக்கம் இன்று எந்தக் கட்சியிலும் அருகிவிட்டது. அதனால் கேள்வி நேரத்தின் சுமை முழுவதும் எதிர்க்கட்சி வரிசையின் மீதே விழுகிறது.

அமைச்சர் தவறான தகவல் தந்தால் தண்டனை உண்டா? (வாசகர், சேலம்)

தவறு வேறு, வேண்டுமென்றே தவறாக வழிநடத்துவது வேறு. பிழையைச் சுட்டிக்காட்டி உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதலாம். அதற்கென மக்களவையில் நெறிமுறை 115 இருக்கிறது. அமைச்சர் தாமாகவே முன்வந்து திருத்த அறிக்கை தருவதும் உண்டு. தெரிந்தே அவையை ஏமாற்றினார் என்று நிறுவினால்தான் உரிமை மீறல் பிரச்சினை எழும். அமைச்சரின் மனத்தில் இருந்ததை நிறுவுவது எளிதல்ல.

தமிழகத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்தில் தமிழில் பதிலளிக்கலாமா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

உறுப்பினர் தமிழில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. அமைச்சரின் பதில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பதே நடைமுறை. மு.க. அழகிரி மத்திய உரத்துறை அமைச்சராக இருந்தபோது தமிழில் பதிலளிக்க விரும்பியதும், அனுமதி கிடைக்காததும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. நியாயமற்ற கட்டுப்பாடு என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் ஊர் ரயில்பாதை பற்றி யார் கேட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்பதே பதில். அதோடு கதை முடிந்ததா? (வணிகர், காரைக்குடி)

முடியவில்லை. 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' போன்ற சொற்றொடர்கள் வாயில் வந்தாலே அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இவற்றைத் துரத்துவதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும். இயலாவிட்டால் துறை குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக ஆண்டுக்கணக்கில் கிடப்பவையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

நாடாளுமன்ற இணையதளத்தில் கேள்விகளும் பதில்களும் துறைவாரியாகவும் உறுப்பினர்வாரியாகவும் கிடைக்கின்றன. உங்கள் ரயில்பாதை குறித்த பதிலின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அந்த உறுதிமொழியின் இன்றைய நிலை என்ன என்று அடுத்த கூட்டத்தொடரில் கேட்கும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். நோட்டீஸுக்கான கால அவகாசத்தை நினைவில் வைத்து, கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.