கடைப் பெயரைத் தட்டினால் பரிசுச் சக்கரம் வருகிறது!

கேள்வி: எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றின் வெப்சைட்டில்தான் வழக்கமாகப் புடவை எடுப்பேன். நேற்று கூகுளில் கடைப் பெயரைத் தேடி, வந்த லிங்க்கைத் தட்டினேன். திரை ஒரு நொடி வெள்ளையாகி, மேலே முகவரி இரண்டு மூன்று தடவை மாறி, "வாழ்த்துகள்" என்று பரிசுச் சக்கரம் ஒன்று சுழன்றது. ஏதோ 'அலவ்' கேட்டது, அமுக்கிவிட்டேன். டெலிவரி சார்ஜ் 49 ரூபாய் என்றதும் டெபிட் கார்டு விவரத்தையும் கொடுத்துவிட்டேன். ஓடிபி மெசேஜில் டாலர் கணக்கு இருந்ததைப் பார்த்துப் பயந்து மூடிவிட்டேன். கடை முகவரியை நானே டைப் செய்தால் சரியாக வருகிறது. கடையில் கேட்டால், "எங்களுக்கு நல்லாத்தானேம்மா வருது" என்கிறார்கள். செல்போன் கடைக்காரர் வைரஸ் என்று சொல்லி, ரீசெட் செய்து ஆன்டிவைரஸ் போட 1,200 ரூபாய் கேட்கிறார். என் கணவர் போனிலும் மொபைல் டேட்டாவில் இதேதான் வந்தது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் கார்டைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஓடிபி கொடுக்கவில்லை, அதனால் தப்பித்தோம் என்று இருந்துவிடாதீர்கள். கார்டு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் அவர்கள் கைக்குப் போய்விட்டன. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்க முடியும். இப்போதே வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை அணையுங்கள். கார்டை பிளாக் செய்து புதியது கேளுங்கள். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் அழையுங்கள், கூகுளில் தேடிய கஸ்டமர் கேர் எண்ணுக்கு வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போகிற பணம் அவர் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பணம் ஏதும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே அழையுங்கள்.

அடுத்து அந்த 1,200 ரூபாய். கொடுக்காதீர்கள். உங்கள் கணவர் போனில், வேறு இணைப்பில், அதே லிங்க்கில் மட்டும் இது நடந்திருக்கிறது. ஆகவே கோளாறு உங்கள் போனில் இல்லை, வீட்டு வைஃபையிலும் இல்லை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் வேறெங்கோ இழுத்துப் போனால்தான் போனில் புதிதாக ஏற்றிய ஆப்பையோ, தளப் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் காட்டும் வைஃபை ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பையோ சந்தேகப்பட வேண்டும்.

கோளாறு கடையின் வெப்சைட்டில் இருக்கிறது. அதற்காகக் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் கண்ணுக்கு உண்மையிலேயே தெரியாது. தளத்தோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருளான பிளக்இன்களில், நாள்பட்ட, புதுப்பிக்காத ஏதாவது ஒன்றின் ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறவர்கள் சில வரி நிரலைச் செருகிவிடுவார்கள். வருகிறவர் கூகுள் வழியாக வந்தாரா, கையில் இருப்பது போனா என்று அது பார்க்கும். இரண்டும் ஆம் என்றால்தான் திருப்பிவிடும். முகவரியை நேரே டைப் செய்பவரையும், தளத்துக்குள் லாகின் செய்திருக்கும் உரிமையாளரையும் விட்டுவிடும். ஒருமுறை திருப்பியவரை, பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பான குக்கீயில் குறித்துக்கொண்டு, கொஞ்ச காலம் தொந்தரவு செய்யாது. அதனால்தான் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது. நீங்கள் டைப் செய்தபோது சரியாக வந்ததும் இதனால்தான்.

கடைக்காரரிடம் 'உங்க சைட்டில் வைரஸ்' என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. போனில், மொபைல் டேட்டாவில், பழைய குக்கீயும் லாகினும் இல்லாத இன்காக்னிட்டோ டேபில், கூகுளில் கடைப் பெயரைத் தேடித் தட்டச் சொல்லுங்கள். அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். தளத்தைச் செய்து கொடுத்தவரிடம், தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' பக்கத்தைப் பார்க்கவும், தெரியாத அட்மின் பெயர்களை நீக்கவும், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றவும் சொல்லட்டும். உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் அந்தச் சக்கரத்தில் மாட்டுகிறார்களோ, தயவுசெய்து இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் அமுக்கிய 'அலவ்', அநேகமாக அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கேட்ட அனுமதி. அதுதான் இனி உங்கள் போனில் ஆபாச விளம்பரமும் 'வைரஸ் எச்சரிக்கை'யும் கொண்டுவந்து கொட்டும். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத பெயரையெல்லாம் பிளாக் செய்யுங்கள். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை. இப்படிப்பட்ட பக்கத்தில் பேக் பட்டனை அமுக்கினாலும் அது திரும்பத் திரும்ப அங்கேயே கொண்டுவந்து நிறுத்தும். டேபையே மூடிவிடுங்கள்.

கடை சரிசெய்யும் வரை அந்தத் தளத்தில் எதுவும் வாங்காதீர்கள், முகவரியை டைப் செய்து போனாலும் சரி. திருப்பிவிடும் நிரலை வைத்தவர்களால் பணம் கட்டும் பக்கத்திலும் கை வைக்க முடியும். பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து புடவையைச் சொல்லி வையுங்கள், உள்ளூர்தானே, நேரில் போய்ப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.