காரின் பின் டயர் உள்ஓரம் மட்டும் தேய்கிறது. அலைன்மென்ட்டில் திருத்த முடியாது என்கிறார்கள். என்ன வழி?

பெரும்பாலான சின்ன கார்களில் பின்னால் டார்ஷன் பீம்தான், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு பீம். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டையும் திருகித் திருத்த அதில் இடமே கிடையாது. ஆனால் அளவு தப்பியிருக்கிறது என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, இல்லை தளர்ந்திருக்கிறது.

முதலில் டயரைக் குறுக்கே கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகக் குத்தினால் டோ கோளாறு. குத்தாமல் உள்ஓரம் மழமழவென்றிருந்தால் பெரும்பாலும் கேம்பர். திட்டுத்திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள், அலைன்மென்ட் மேல் பழி வேண்டாம்.

காரை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். பீமை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷை நெம்பி, ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள். புது புஷ் போட்டால், கார் தரையில் நிற்கும் உயரத்துக்குச் சஸ்பென்ஷனை ஏற்றிவைத்துத்தான் போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இவை சரியாக இருந்தும் அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால், குழியில் அடிபட்டு ஸ்டப் ஆக்சில் (சக்கரம் மாட்டியிருக்கும் குட்டை அச்சு) வளைந்திருக்கலாம். போல்ட்டில் மாட்டும் வகை என்றால் மாற்றிவிடலாம். சிறு விலகலுக்கு ஆக்சிலுக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் (மெல்லிய தகடு) போதும். முகம் முழுக்கப் படிகிற ஷிம்மாக இருக்கட்டும். வாஷர் அடுக்கினால் போல்ட் தளரும். பீமே வளைந்திருந்தால் மாற்றுங்கள், சூடுகாட்டி நிமிர்த்த விடாதீர்கள்.

பின்பக்கம் முடித்த பிறகே முன் டோவைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.