ரிமோட் ஹெலிகாப்டரில் பிட்ச் ஏற்றினாலும் இறக்கினாலும் ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய்கிறதா?

நடு ஸ்டிக்கில் ஸ்வாஷ்பிளேட் (மூன்று சர்வோ மோட்டார்கள் ஏற்றி இறக்கும் தட்டு) மட்டம், ஆனால் பிட்சை (இறக்கைகளின் சாய்வுக் கோணத்தை) முழுக்க ஏற்றினாலும் இறக்கினாலும் பின்பக்கம் தாழ்கிறது என்கிறீர்கள். இரண்டு முனையிலும் ஒரே பக்கம் தாழ்வதுதான் இங்கே துப்பு. ஒரு சர்வோவின் ஆர்மில் (சுழலும் கையில்) மட்டும் ராட் மாட்டும் பந்தை வேறு துளையில் மாட்டியிருந்தால் மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும், அதனால் எண்ட் பாயிண்டை (சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்ற அமைப்பை) இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பின்னால் இருக்கும் எலிவேட்டர் சர்வோவின் ஆர்ம் நடுவில் 90 டிகிரியில் இல்லை, மேலே நிமிர்ந்திருக்கும், ராடைச் சுருக்கி மட்டம் பிடித்திருப்பீர்கள். 13 மி.மீ. ஆர்ம் 10 டிகிரி நிமிர்ந்திருந்து 40 டிகிரி சுற்றினால் மேலே மற்ற இரண்டு சர்வோவைவிட 0.6 மி.மீ.க்கு மேல் குறைவாக ஏறும், கீழே கொஞ்சம் அதிகமாகவே இறங்கும்.

முதலில் மோட்டார் வயரைக் கழற்றுங்கள். சப்-டிரிம்மை (சர்வோவின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பை) பூஜ்யமாக்கி ஆர்மை எடுத்து மாட்டுங்கள். சர்வோ தண்டில் 25 பல் என்றால் ஒரு பல் 14.4 டிகிரி, ரொம்பப் பெரிய தாவல். ஆனால் நான்கு கை ஹார்னில் (நான்கு பக்கமும் கை உள்ள ஆர்மில்) ஒவ்வொரு கையும் 3.6 டிகிரி தள்ளி உட்காரும், சரியாக வரும் கையை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். (24 பல்லில் இந்த வித்தை பலிக்காது.) 90 டிகிரியை ராடோடு பாருங்கள், சர்வோ உடலோடு அல்ல. மிச்சத்துக்கு மட்டும் சப்-டிரிம், அதுவும் ஃபிளைபார்லெஸ் யூனிட்டில் (ஹெலிகாப்டரை நிலைப்படுத்தும் மின்னணுப் பெட்டியில்). ரேடியோவில் போட்டால் ஸ்டிக் அசைந்ததாக யூனிட் நினைத்துக்கொள்ளும். அப்புறம் ராட் நீளத்தை மாற்றி மட்டம் பாருங்கள், எண்ட் பாயிண்ட் கடைசியில்தான்.